அழைப்பு வந்தால்தான் ஆட்டம்: மாஸ்டர்ஸ் கோல்ஃப் போட்டியின் கதை

சென்ற சித்திரை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு. கொழிஞ்சாம்பாறையில் மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். பேரன் தொலைக்காட்சியில் ஏதோ ஓர் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். பச்சைப் பசேலென்ற புல்வெளி, வெள்ளை மணல், கரையெல்லாம் பூக்கள். ஒருவர் குனிந்து பந்தை மெல்லத் தட்டுகிறார். ஆயிரக்கணக்கான மக்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள்.

"தாத்தா, இதில் விளையாடவேண்டும் என்றால் எங்கே பெயர் கொடுக்கவேண்டும்?" என்று பேரன் கேட்டான்.

"இதற்குப் பெயர் கொடுக்க முடியாதப்பா. அவர்களாகக் கூப்பிட வேண்டும். கல்யாணத்துக்குப் பத்திரிகை வருகிற மாதிரி, தபாலில் அழைப்பு வரும்" என்றேன்.

"வராவிட்டால்?"

அந்தக் கேள்விக்கு விடை சொல்லத்தான் இந்தக் கட்டுரை. முப்பது ஆண்டுகள் பள்ளியில் பாடம் நடத்திய பழக்கம் விடாது. ஆகவே பாடமாகவே சொல்லிவிடுகிறேன். வாசக அன்பர்கள் பொறுத்தருள்க.

நமக்கும் இந்த ஆட்டத்துக்கும் என்ன உறவு?

நான் தேவிகுளம் தாலுகாவில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவன். போடிநாயக்கனூர் வழியாக மலையேறி வந்த குடும்பம் எங்களுடையது. வெள்ளைக்காரத் துரைமார்கள் எந்த மலைக்குப் போனாலும் தேயிலைச் செடியோடு இன்னொன்றையும் கொண்டுபோனார்கள். அதுதான் கோல்ஃப் ஆட்டம். கல்கத்தாவில் 1829-லேயே கோல்ஃப் கிளப் தொடங்கிவிட்டார்கள். கொடைக்கானலில் 1895-இல் கிளப் வந்தது. எங்கள் மலையிலும் துரைமார்கள் ஆடினார்கள்.

1940-களில் என் அப்பா பன்னிரண்டு வயதுப் பையன். சனி, ஞாயிறுகளில் ஒரு துரையின் கோல்ஃப் பையைத் தோளில் சுமந்துகொண்டு மேடும் பள்ளமுமாக நடப்பார். இப்படிப் பை சுமப்பவருக்கு ஆங்கிலத்தில் கேடி என்று பெயர். நம் ஊரில் கேடி என்றால் போக்கிரி என்றல்லவா பொருள்! "நான் ஒரு காலத்தில் கேடியாக இருந்தவன்டா" என்று அப்பா சொல்லும்போது, சின்ன வயதில் எனக்கு வெட்கமாக இருக்கும். பந்தை வைத்து அடிக்கும் சிறு முளைக்கு 'டீ' என்று பெயர். தேயிலைத் தோட்டத்துப் பிள்ளையான நான் அதையும் வேறுவிதமாகத்தான் புரிந்துகொண்டேன்.

பந்து எந்தப் பக்கம் உருளும், எந்த மட்டையை எடுக்கவேண்டும், மழைக்குப் பிறகு புல் எப்படி இழுக்கும் என்பதெல்லாம் அப்பாவுக்கு அத்துப்படி. ஆனால் தம் வாழ்நாளில் ஒரு முறைகூட அவர் பந்தை அடித்ததில்லை. இதை நினைவில் வைத்துக்கொண்டு, கடல் கடந்து அமெரிக்காவுக்குப் போவோம்.

ஆட்டத்தின் அரிச்சுவடி

அறியாதவர்களுக்காக இரண்டு வரி. கோல்ஃப் மைதானத்தில் 18 குழிகள் இருக்கும். ஒவ்வொரு குழிக்கும் பந்தை எத்தனை அடியில் கொண்டுபோய்ச் சேர்க்கவேண்டும் என்று ஒரு கணக்கு உண்டு. அதற்குப் 'பார்' என்று பெயர். மற்ற ஆட்டங்களில் அதிகம் எடுத்தவர் வெல்வார். இதில் குறைவாக அடித்தவரே வெல்வார். பெரிய போட்டிகள் நான்கு நாள் நடக்கும். நாளுக்கு 18 வீதம் மொத்தம் 72 குழிகள். முதல் இரண்டு நாளில் பின்தங்கியவர்கள் வீட்டுக்குப் போய்விடவேண்டியதுதான்.

உலகில் இந்த ஆட்டத்துக்கு நான்கு பெரிய போட்டிகள் உண்டு. அவற்றுள் மாஸ்டர்ஸ் மட்டும் ஆண்டுதோறும் ஒரே இடத்தில் நடக்கிறது. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் அகஸ்டா என்னும் ஊர். அகஸ்டா நேஷனல் என்பது கிளப்பின் பெயர். போட்டியை நடத்துவது அரசும் அல்ல, விளையாட்டுச் சங்கமும் அல்ல. அந்தத் தனியார் கிளப்தான். வீடும் அவர்களுடையது, விருந்தும் அவர்களுடையது. அதனால்தான் அழைப்பு.

நாற்றுப்பண்ணையில் பிறந்த மைதானம்

பாபி ஜோன்ஸ் என்பவர் அட்லாண்டா நகரத்து வழக்கறிஞர். பணத்துக்காக ஆடாதவர். 1930-ஆம் ஆண்டில் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் நடந்த நான்கு பெரிய போட்டிகளையும் ஒரே ஆண்டில் வென்று, 28 வயதில் ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்றார். நண்பர்களோடு நிம்மதியாக ஆட ஒரு மைதானம் வேண்டும் என்பது அவர் ஆசை. நியூயார்க்கில் முதலீட்டுத் தொழில் செய்துவந்த கிளிஃபோர்டு ராபர்ட்ஸ் கைகோத்தார். 1931-இல் அகஸ்டாவில் 365 ஏக்கர் நிலத்தை 70,000 டாலருக்கு வாங்கினார்கள்.

அந்த நிலத்தின் பூர்வகதை நம் மலைக்காரர்களுக்குச் சுவையானது. முதலில் அது அவுரித் தோட்டம். பிறகு பெல்ஜியத்திலிருந்து வந்த பெர்க்மன்ஸ் குடும்பத்தாரின் நாற்றுப்பண்ணை. பழமரக் கன்றுகளும் பூச்செடிகளும் அங்கிருந்து நாடெங்கும் போயின. அந்த நினைவாக 18 குழிகளுக்கும் மரம், செடி, கொடிகளின் பெயரையே வைத்தார்கள். எட்டாவது குழிக்கு மஞ்சள் மல்லிகை. பத்தாவது குழிக்குக் கேமலியா. நம் தேயிலையும் கேமலியா இனம்தான். தாவர நூலார் தேயிலைக்கு வைத்த பெயர் கேமலியா சினென்சிஸ். ஆக, அந்தப் பத்தாவது குழிக்கு நம் தோட்டத்துச் செடியின் உடன்பிறப்பின் பெயர் என்று சொல்லலாம்.

மைதானத்தை வடிவமைத்தவர் அலிஸ்டர் மெக்கன்சி. இங்கிலாந்தில் பிறந்தவர், மருத்துவம் படித்தவர். அவர் 1934 ஜனவரியில் காலமானார். மார்ச் 22 முதல் 25 வரை நடந்த முதல் போட்டியைக் காண அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை.

அந்த முதல் போட்டியின் பெயர் 'அகஸ்டா நேஷனல் அழைப்புப் போட்டி'. ராபர்ட்ஸ் 'மாஸ்டர்ஸ்' என்று பெயரிட விரும்பினார். 'வல்லவர்கள்' என்று நாமே சொல்லிக்கொள்வது தற்பெருமை என்று ஜோன்ஸ் மறுத்துவிட்டார். மக்கள் வாயில் 'மாஸ்டர்ஸ்' என்றே வழங்கியதால், 1939-இல் அதுவே அதிகாரபூர்வப் பெயராயிற்று. முதல் வெற்றியாளர் ஹார்ட்டன் ஸ்மித். பரிசு 1,500 டாலர். 2025-இல் வென்ற ரோரி மெக்கில்ராய் பெற்றது 42 லட்சம் டாலர்.

1935-இல் ஜீன் சாரசன் பதினைந்தாவது குழியில் 235 கஜ தூரத்திலிருந்து அடித்த பந்து நேரே குழிக்குள் போய் விழுந்தது. ஐந்து அடியில் முடிக்கவேண்டியதை இரண்டே அடியில் முடித்துவிட்டார். பின்தங்கியிருந்தவர் அதனால் சமநிலைக்கு வந்து, மறுநாள் கூடுதல் ஆட்டத்தில் வென்றார். போட்டியின் புகழ் நாடெங்கும் பரவியது.

1943 முதல் 1945 வரை உலகப்போரால் போட்டி நடக்கவில்லை. அந்த நாட்களில் மைதானத்தில் மாடுகளையும் வான்கோழிகளையும் வளர்த்தார்கள். ஏறத்தாழ அதே காலத்தில்தான் என் அப்பா இங்கே பை சுமந்துகொண்டிருந்தார்.

பச்சைக் கோட்டு 1937-இல் வந்தது. கிளப் உறுப்பினர்களைப் பார்வையாளர்கள் அடையாளம் கண்டு விவரம் கேட்பதற்காகவே அவர்கள் அதை அணியத் தொடங்கினார்கள். 1949-இல் வென்ற சாம் ஸ்னீட் முதல், வெற்றியாளருக்கும் அது அணிவிக்கப்படுகிறது. ஓராண்டு வீட்டுக்கு எடுத்துப்போகலாம். பிறகு கிளப்பில் கொண்டுவந்து வைத்துவிடவேண்டும்.

என் மாணவர்களுக்கு நான் பலமுறை சொன்ன கதை ஒன்று உண்டு. 1968-இல் அர்ஜென்டினாவின் ராபர்ட்டோ டி விசென்சோ கடைசி நாளில் பிரமாதமாக ஆடினார். அன்று அவருக்கு 45-ஆவது பிறந்தநாள். பதினேழாவது குழியை அவர் மூன்று அடியில் முடித்ததை உலகமே பார்த்தது. ஆனால் கூட ஆடியவர் அட்டையில் நான்கு என்று எழுதிவிட்டார். இவர் சரிபார்க்காமல் கையெழுத்திட்டார். கையெழுத்திட்ட கணக்கே கணக்கு என்பது விதி. சமநிலையில் முடிந்து மறுநாள் கூடுதல் ஆட்டம் நடந்திருக்கவேண்டும். ஒரே ஓர் அடிக் கணக்கில் பாப் கோல்பி வென்றவரானார். டி விசென்சோ யாரையும் குறை சொல்லவில்லை. தம் மடமையையே நொந்துகொண்டார். தேர்வுத்தாளைத் திருப்பிப் பார்க்காமல் கொடுக்கும் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல பாடம் இல்லை.

அழைப்பு வராதவர்கள்

இனி பேரனின் கேள்விக்கு வருவோம். அழைப்பு வராவிட்டால்?

1934 முதல் நாற்பது ஆண்டுகள் இந்தப் போட்டியில் ஒரு கறுப்பினத்தவர்கூட ஆடவில்லை. மைதானத்தில் கறுப்பர்கள் இல்லாமல் இல்லை. பை சுமப்பவர்கள் எல்லோரும் கறுப்பர்கள்தாம். 1982 வரை, போட்டிக்கு வரும் ஆட்டக்காரர் தம் சொந்தக் கேடியை அழைத்துவரக்கூடாது. கிளப்பின் கேடியைத்தான் வைத்துக்கொள்ளவேண்டும் என்பது விதி. ஆகவே ஒவ்வொரு வெற்றியாளரின் பின்னாலும் ஒரு கறுப்பர் வெள்ளை உடையில் பையோடு நடந்தார்.

அமெரிக்கத் தொழில்முறை கோல்ஃப் சங்கத்தின் சட்டத்திலேயே 'வெள்ளையருக்கு மட்டும்' என்று ஒரு விதி இருந்தது. 1961 நவம்பரில்தான் அது நீக்கப்பட்டது. அதன்பிறகு சார்லி சிஃபோர்டு என்ற கறுப்பின வீரர் 1967-இல் ஹார்ட்ஃபோர்டிலும் 1969-இல் லாஸ் ஏஞ்சலஸிலும் பெரிய போட்டிகளை வென்றார். அகஸ்டாவிலிருந்து அழைப்பு வரவில்லை. முன்னாள் வெற்றியாளர்கள் வாக்களித்து ஒருவரை அழைக்கும் வழி இருந்தது. அந்த வழியிலும் வரவில்லை. அழைப்பு வராமலே அவர் காலம் முடிந்தது.

இங்கே அன்பர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும். சிஃபோர்டை வரக்கூடாது என்று எந்தத் தாளிலும் எழுதவில்லை. யாரை அழைப்பது என்பது அழைப்பவர்களின் மனத்தில் இருந்தது, அவ்வளவுதான். "அழையாத வீட்டுக்கு விருந்தாளியாகப் போகாதே" என்பது நம் பழமொழி. மானமுள்ளவன் கேட்டுப் போகமாட்டான். அழைப்பவரும் "நாங்கள் யாரையும் தடுக்கவில்லையே" என்று சொல்லிக்கொள்ளலாம்.

கதவைத் திறந்தது எது? நல்ல மனம் என்று சொல்ல ஆசைதான். ஆனால் உண்மையில் திறந்தது ஒரு விதி. அமெரிக்கத் தொழில்முறைச் சுற்றில் ஒரு போட்டியை வென்றவருக்கு அழைப்பு தானாகவே உண்டு என்று 1972-ஆம் ஆண்டுப் போட்டியிலிருந்து வகுக்கப்பட்டது. 1974 ஏப்ரலில் லீ எல்டர் என்ற கறுப்பின வீரர் ஃபுளோரிடாவின் பென்சகோலாவில் வென்றார். இளமையில் கேடியாக இருந்தவர் அவர். விதிப்படி அழைப்பு போயிற்று.

1975 ஏப்ரல் 10-ஆம் நாள் எல்டர் அகஸ்டாவில் முதல் பந்தை அடித்தார். மிரட்டல்கள் வந்திருந்தன. தங்கும் இடம் தெரியக்கூடாது என்று இரண்டு வீடுகளை வாடகைக்கு எடுத்து மாறி மாறித் தங்கினார். முதல் நாள் 74, இரண்டாம் நாள் 78. மூன்றாம் நாளுக்குத் தேறவில்லை. ஆனால் கடைசிக் குழியை நோக்கி நடந்தபோது, கிளப்பின் கறுப்பினப் பணியாளர்கள் வேலையை விட்டு வெளியே வந்து வரிசையாக நின்று கைதட்டியதை அவர் பின்னாளில் நினைவுகூர்ந்தார். சமையல்காரர்கள், பரிமாறுபவர்கள், பை சுமப்பவர்கள். இதை எழுதும்போது என் கை சற்று நிற்கிறது.

1997-இல் 21 வயது டைகர் உட்ஸ் 12 அடி வித்தியாசத்தில் வென்றபோது, அதைப் பார்க்க எல்டர் அங்கே இருந்தார். 2021-இல் எல்டரைத் தொடக்க விழாவுக்குக் கௌரவ விருந்தினராக அழைத்தார்கள். உடல்நலமில்லாமல் அவரால் பந்தை அடிக்க இயலவில்லை. எழுந்து நின்று வணக்கம் ஏற்றார். அந்த நவம்பரிலேயே 87-ஆவது வயதில் காலமானார். கிளப்பில் முதல் கறுப்பின உறுப்பினர் சேர்ந்தது 1990-இல். முதல் பெண் உறுப்பினர்கள் இருவர் சேர்ந்தது 2012-இல்.

பை சுமந்தவரின் ஞானம்

கேடிகளைப் பற்றி ஒன்று சொல்லாமல் போனால் அப்பா என்னை மன்னிக்கமாட்டார். கார்ல் ஜாக்சன் என்பவர் 1961-இல், 14 வயதில், முதன்முதலாக மாஸ்டர்ஸ் போட்டியில் பை சுமந்தார். பின்னர் பென் கிரென்ஷா என்ற வீரருடன் சேர்ந்தார். 1984-இல் கிரென்ஷா வென்றார். 1983 முதல் சொந்தக் கேடியை அழைத்துவரலாம் என்று விதி மாறியபிறகும் அவர் ஜாக்சனை விடவில்லை.

1995-இல் போட்டி தொடங்கும் முன்பு கிரென்ஷாவின் ஆசான் ஹார்வி பெனிக் இறந்துபோனார். புதன்கிழமை ஆசானின் நல்லடக்கத்துக்குப் போய்த் தோள்கொடுத்துவிட்டு, வியாழக்கிழமை ஆட வந்தார் கிரென்ஷா. அந்த வாரம் அவர் ஆட்டம் சரியில்லாததைக் கண்ட ஜாக்சன், பந்தைச் சற்றுப் பின்னால் வைத்துத் தோளை இன்னும் இறுக்கமாகத் திருப்பும்படி சொன்னார். 43 வயது கிரென்ஷா வென்றார். கடைசிப் பந்து குழியில் விழுந்ததும் முகத்தை மூடிக் குனிந்து அழுதார். ஜாக்சன் வந்து அவரைத் தாங்கிப் பிடித்தார். அந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அப்பாவின் நினைவு வரும். பந்தை அடித்தவருக்குத்தான் கோட்டு. ஆனால் வழி தெரிந்தவர் பையைத் தூக்கியவர்.

நம்மவர் கதை

தென்னாப்பிரிக்காவின் கேரி பிளேயர் 1961-இல் மாஸ்டர்ஸை வென்றார். அமெரிக்கர் அல்லாத முதல் வெற்றியாளர் அவரே. அதே தென்னாப்பிரிக்காவில், நம் தமிழர்களும் நிறைய வாழும் டர்பன் நகரில், பாப்வா சேவ்கோலம் என்ற இந்திய வம்சாவளிக் கேடி இருந்தார். வலக்கைக்குக் கீழே இடக்கையை வைத்து, எல்லோருக்கும் தலைகீழாக மட்டையைப் பிடிப்பார். பள்ளியில் கற்றதல்ல, தாமாகவே பழகியது. அந்தப் பிடியை வைத்துக்கொண்டே 1959, 1960, 1964 ஆகிய ஆண்டுகளில் நெதர்லாந்து சென்று டச்சு ஓப்பன் போட்டியை வென்றார். 1963-இல் தம் ஊரிலேயே நேட்டால் ஓப்பனை வென்றபோது, நிறவெறிச் சட்டத்தால் கிளப் கட்டடத்துக்குள் அவரை விடவில்லை. வெளியே மழையில் நின்று கோப்பையை வாங்கினார். 1965-இல் அதே போட்டியில் கேரி பிளேயரையே வென்றார். பிறகு அரசு அவரைப் பெரிய போட்டிகளிலிருந்து விலக்கிவிட்டது.

கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாக இந்தியர்கள் கொண்டுபோகப்பட்ட இன்னொரு நாடு பிஜி. அங்கே பிறந்த இந்திய வம்சாவளியினர் விஜய் சிங். 2000-ஆம் ஆண்டில் அவர் அகஸ்டாவில் பச்சைக் கோட்டு அணிந்தார். இந்தியாவிலிருந்து முதலில் அழைப்பு பெற்று ஆடியவர் ஜீவ் மில்கா சிங்; ஓட்டப்பந்தய வீரர் மில்கா சிங்கின் மகன். 2007-இல் 37-ஆவது இடத்தைப் பகிர்ந்துகொண்டார். 2015-இல் அனிர்பன் லாகிரி ஆடினார். 2018-இல் சுபங்கர் சர்மாவுக்குச் சிறப்பு அழைப்பு வந்தது.

பேரனுக்குச் சொன்ன விடை

இப்போது யாருக்கெல்லாம் அழைப்பு உண்டு என்பது பட்டியலாகவே வெளியிடப்படுகிறது. முன்னாள் வெற்றியாளர்களுக்கு ஆயுள் முழுவதும் உண்டு. மற்ற மூன்று பெரிய போட்டிகளை வென்றவர்களுக்கு ஐந்தாண்டுகள். உலகத் தரவரிசையில் முதல் 50 பேருக்கு உண்டு. 2009-இல் தொடங்கிய ஆசிய பசிபிக் அமெச்சூர் போட்டியை வென்றவருக்கும் உண்டு. அதாவது, கொழிஞ்சாம்பாறைப் பையன் ஒருவன் அந்தப் போட்டியை வென்றால், அவனை யாருக்கும் பிடிக்கவேண்டிய அவசியம் இல்லை. அழைப்பு வந்தே தீரும். எழுதிவைத்த விதியின் வலிமை அதுதான். பேரனுக்கும் இதைத்தான் சொன்னேன்.

முடிக்கும் முன் நம் வீட்டுச் செய்தி ஒன்று. நம் சங்கத்தின் ஆண்டுவிழாப் பேச்சுப்போட்டிக்குப் பிள்ளைகளை நாம் எப்படி அழைக்கிறோம்? தெரிந்தவர் வீட்டுப் பிள்ளைகள், பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகள். யாரையும் தடுப்பதில்லை. ஆனால் மலையில் லயத்து வீடுகளிலிருந்து தமிழ் படிக்கும் பிள்ளைகள் எத்தனை பேர் வருகிறார்கள்? அவர்களுக்கு வரப் பிரியமில்லை என்பதல்ல, அழைப்பு போவதில்லை. அழைப்புப் பட்டியலைத் தயாரித்தவர்களில் நானும் ஒருவன் என்பதால், இதை நான் பிறர்மீது குறையாகச் சொல்லவில்லை.

ஆகவே என் வேண்டுகோள் இது. பாலக்காடு, இடுக்கி ஆகிய இரு மாவட்டங்களிலும் தமிழ் கற்பிக்கும் ஒவ்வொரு பள்ளியிலும் முதலிடம் பெறும் இரண்டு பிள்ளைகளுக்கு அழைப்பும் பேருந்துக் கட்டணமும் உண்டு என்று ஒரே ஒரு வரியை நம் விதிப் புத்தகத்தில் எழுதிவைப்போம். நல்ல மனம் நம்மிடம் நிறைய உண்டு. ஆனால் அடுத்த செயற்குழுவில் யார் இருப்பார்கள் என்று யாருக்குத் தெரியும்? எழுதிய வரி இருக்கும்.

அப்பா இறப்பதற்கு முந்தைய ஆண்டு நான் கேட்டேன்: "அப்பா, ஒரு தடவை அடித்துப் பார்க்கவேண்டும் என்று தோன்றவில்லையா?" அவர் சற்று யோசித்துவிட்டுச் சொன்னார்: "தோன்றும். ஆனால் அடிடா என்று யாரும் சொல்லவில்லையே."